சுருக்குப்பை விழுங்கிய பொட்டு

வடிவுக்குக் காத்திருக்கத் தெரியாது. பஸ் வரத் தாமதமானால் அடுத்த நிறுத்தம் வரை நடந்துவிடுவாள். இட்லி வேகும் முன்பே கொப்பரை மூடியைத் திறந்து பார்ப்பாள். ஓர் இணையப் பக்கம் திறக்காமல் நடுவில் வளையம் சுற்றிக்கொண்டிருந்தால், யாரோ தன்னை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே பந்தி போட்டு உட்கார்ந்திருப்பதுபோல அவளுக்குக் கோபம் வரும். அப்படிப்பட்ட ஒருத்தியால்தான், படங்களைச் சுருக்கி நொடியில் அனுப்பும் சுருக்குப்பை என்ற மென்பொருளைக் கண்டுபிடிக்க முடிந்தது. பொறுமைசாலிகள் எதையும் வேகப்படுத்தியதில்லை.

இரண்டாயிரத்து ஐம்பதுகளில், ஓர் ஐப்பசியில், தென்கடற்கரையைப் புயல் புரட்டிப் போட்டுவிட்டுப் போனது. கோபுரங்கள் சாய்ந்தன. கடலடிக் கேபிள்கள் அறுந்தன. முகாமுக்கு ஒரு பலூன் என்று வானத்தில் பறக்கவிட்டு, அதன் வழியாக நூலிழை போல ஓர் இணைப்பைக் கொடுத்திருந்தார்கள். மருந்து கேட்பதும் அரிசி கேட்பதும் அந்த இழையில்தான். தொலைந்துபோனவர்களைத் தேடுவதும் அதில்தான்.

தேடுவதற்கென்று 'யார் எங்கே' என்றொரு இணையப் பக்கம் இருந்தது. யாருமில்லாமல் முகாம்களுக்கு வந்து சேர்ந்த பிள்ளைகள், பேச முடியாத முதியவர்கள் எல்லோருடைய படமும் அதில் உண்டு. ஆனால் அந்தப் பக்கம் திறந்தால்தானே. முகாம்களில் ஒரு போனைச் சுற்றிப் பத்துப் பேர் நின்றார்கள். படம் ஒரு நெற்றியும் பாதிப் புருவமும் வரை இறங்கும், அதற்குள் சார்ஜ் தீர்ந்துவிடும். அந்த நெற்றி தன் பிள்ளையுடையதுதானா என்று தெரியாமலே ஒருத்தி ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்க வேண்டும்.

திருநெல்வேலியில் வடிவு வேலை பார்த்த சின்ன நிறுவனத்திடம் அந்தப் பக்கத்தை ஒப்படைத்தார்கள். அவள் சுருக்குப்பையை அதில் பொருத்தினாள். மறுநாள் காலை பக்கம் கண்ணை மூடித் திறப்பதற்குள் திறந்தது. எத்தனை முகம் இருந்தாலும் அத்தனையும் பளிச்சென்று வந்து நின்றன. அந்த ஒரே வாரத்தில் எத்தனையோ குடும்பங்கள் சேர்ந்தன. அலுவலகத்தில் லாலா கடை அல்வா வந்தது.

நிவாரணப் பணிகளைக் கவனித்த துணை ஆட்சியர் கோமதிநாயகம் நேரிலேயே வந்து, இது என்ன மாயம் என்று கேட்டார். வடிவுக்குப் பெருமை தாங்கவில்லை.

"முன்னால படத்தை அனுப்புனோம் சார். இப்ப படத்தைப் பத்திச் சொல்லி அனுப்புதோம். ஒவ்வொரு போனுக்குள்ளயும் ஒரு ஓவியன் உக்காந்திருக்கான்னு வச்சுக்கோங்க. வட்ட முகம், மாநிறம், கண்ணு கொஞ்சம் உள்ள போயிருக்குன்னு நாலு வார்த்தை சொன்னாப் போதும், அவன் அங்கேயே வரைஞ்சிருவான். ஒரு மூட்டையை நாலு வார்த்தையாச் சுருக்கிப் பையில போட்டாச்சு."

"நாம சொல்லாம விட்டதை என்ன செய்வான்?"

"அவனா நெனச்சுப் போட்டுக்கிடுவான்."

"யாரை நெனச்சு?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். அல்வாத் தட்டு மறுபடி ஒரு சுற்று வந்தது. 

சுருக்குப்பை பிறந்த நாளும் இப்படி ஒரு சந்தோஷமான நாள்தான். பரிசோதனைக்கு வடிவு முதலில் கொடுத்தது தன் படத்தை. அது சுருங்கிப் போய், எதிர் மேசை போனில் விரிந்து, "சரியா?" என்று கேட்டது. வடிவு ஒரு கணம்கூட யோசிக்காமல் "சரி" என்று தட்டினாள். அது வரைந்த முதல் முகம் அது, அவள் கற்றுக்கொடுத்த முதல் பாடமும் அதுதான்.

உதவி எண்ணுக்கு வரும் அழைப்புகளை அலுவலகத்தில் ஆளுக்குக் கொஞ்ச நேரம் என்று எடுத்தார்கள். ஒரு வியாழக்கிழமை காலை வடிவின் முறை. கரகரத்த இணைப்பில் ஒரு பெண் குரல் கேட்டது. பெயர் மாரிக்கனி. கிழக்கு முகாமில் இருக்கிறாள். புருஷன் கால் முறிந்து படுத்திருக்கிறான். பத்து மாதப் பிள்ளை சுடலைமுத்துவைத் தண்ணீர் அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. இதையெல்லாம் அழாமல் சொன்னாள். அழுகையெல்லாம் அதற்கு முன்பே தீர்ந்திருக்க வேண்டும்.

"எக்கா, உங்க பக்கத்துல எல்லாப் பிள்ளையையும் பாத்துட்டேன். தினமும் பாக்கேன். உப்பங்குடி முகாம்ல ஒரு பிள்ளை இருக்கு. பாத்தா எஞ் சுடலை மாதிரியே இருக்கு. ஆனா அவன் இல்ல."

"எப்படிம்மா அவன் இல்லங்கிய?"

"பொட்டு இல்லையே."

திருஷ்டிப் பொட்டு. தண்ணீர் வந்த அன்று காலையில்தான் வைத்திருக்கிறாள். வடிவு அவளைத் தேற்றும் விதமாக, முகாமில் குளிப்பாட்டியிருப்பார்கள், அழிந்திருக்கும் என்றாள்.

"அது கடையில விக்கிற அழியாச் சாந்துக்கா. எத்தனை குளிச்சாலும் நாலஞ்சு நாள் நிக்கும். அங்க வந்த அன்னைக்கே படம் எடுத்துருக்குன்னு உங்க பக்கத்துலயே போட்டுருக்கு. அன்னைக்கு எப்படி இல்லாமப் போவும்? அதான் அவன் இல்லன்னு விட்டுட்டேன். இன்னைக்கு அந்தப் பிள்ளை படத்துக்குக் கீழ 'உறவினர் அழைத்துச் செல்ல வருகிறார்'னு போட்டுருக்கு. அதைப் பாத்ததும்தான் உங்களைக் கூப்பிட்டேன். எம் பிள்ளையை யாரோ கழுவித் தொடச்சு வச்ச மாதிரியே இருக்குக்கா."

கழுவித் துடைத்து வைத்த மாதிரி. அந்த வார்த்தையைக் கேட்டதும் வடிவின் கை தானாக மூக்கின் ஓரத்துக்குப் போனது. அங்கே மிளகளவில் ஒரு மச்சம் உண்டு. பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பெயரே மிளகுதான். அந்தப் பெயர் கல்லூரி வரை துரத்தியதில், எந்தப் படமானாலும் மச்சத்தை அழித்துவிட்டுத்தான் வெளியே விடுவாள். ஆனால் சுருக்குப்பைக்குக் கொடுத்த அந்த முதல் படத்தில் அவள் எதையும் அழிக்கவில்லை. கை வைக்காத படம் வேண்டும் என்று கை வைக்காமலே கொடுத்திருந்தாள். எதிர் மேசை போனில் விரிந்தபோது மச்சம் இல்லை. அது தவறு என்று சொல்லியிருக்க வேண்டும். அவளோ உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சியோடு "சரி" என்று தட்டியிருந்தாள்.

அன்றிலிருந்து சுருக்குப்பை ஒன்றைத் தெரிந்துவைத்துக்கொண்டது: முகத்தில் ஒரு பக்கம் மட்டும் கரும்புள்ளி இருந்தால் அது அழுக்கு. அழுக்கை அனுப்ப வேண்டியதில்லை. 

பொட்டு எப்படி இருக்கும், எங்கே இருக்கும் என்று மட்டும் கேட்டாள் வடிவு. 

"இடது கன்னம். வட்டமா வைக்கத்தான் போனேன். அவன் வெடுக்குன்னு தலையைத் திருப்பிட்டான். காதுப் பக்கமா இழுத்து வால் விட்டுருச்சு. தொடச்சுட்டு மறுபடி வைக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள தண்ணி வந்துட்டு."

வடிவு அதை அப்படியே வாய்விட்டுத் திருப்பிச் சொல்லி, அழைப்புப் பதிவாகிறதா என்று பார்த்துக்கொண்டாள். பிறகு கோமதிநாயகத்தைப் பிடித்தாள். உப்பங்குடிப் பிள்ளையை அழைத்துப் போக வருபவர் வேலாயுதபெருமாள் என்று அவர் சொன்னார். புனேயில் வேலை. அண்ணனும் அண்ணியும் புயலில் போய்விட்டார்கள், அண்ணன் பிள்ளையை வளர்க்க வருகிறார். பிள்ளையை அவர் நேரில் பார்த்ததே இல்லை, போனில் வந்த படங்களில் பார்த்ததுதான். பொய் சொல்கிற ஆளும் இல்லை, படத்தைப் பார்த்து வாய்விட்டு அழுதவர். படகில் ஏறிவிட்டார், மதியத்துக்குள் முகாமுக்குப் போய்விடுவார்.

"யாராவது ஆட்சேபம் சொன்னா ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பி வைக்கலாம்மா. ஆனா ஆட்சேபத்துக்குக் காரணம் வேணும். எனக்கு மனசுல தோணுதுன்னு ஒரு தாய் சொல்லி நான் நிறுத்துனா, நாளைக்கு எந்தப் பிள்ளையையும் யாருக்கும் குடுக்க முடியாது. ஒரே ஒரு ஆதாரம் குடுங்க, நிறுத்துதேன்."

ஆதாரம் ஓரிடத்தில்தான் இருந்தது. சுருக்குப்பை படத்தை முகாமிலேயே சுருக்கிவிட்டுத்தான் அனுப்பும். முழுப்படம் எடுத்தவரின் போனோடு சரி. உப்பங்குடியில் படம் எடுத்தது டெல்பின் என்ற தன்னார்வலர். அவளைப் பிடித்துப் பிள்ளையைப் பார்க்கச் சொன்னால், கன்னத்தில் இப்போது ஒன்றுமே இல்லை என்றாள். வாரத்துக்கு மேல் ஆகிவிட்டதே. படம் எடுத்த அன்று என்ன இருந்தது என்று அவளுக்கு ஞாபகமில்லை, அன்று அவள் எடுத்த முகங்கள் அத்தனை. ஆனால் முழுப்படம் அழியாமல் இருந்தது. அனுப்பத்தான் வழியில்லை. முகாமில் அத்தனை பேரும் 'யார் எங்கே' பக்கத்தைத் திறந்துவைத்திருந்தார்கள், பலூனின் இழை முழுக்க அதிலேயே ஓடிக்கொண்டிருந்தது. பக்கம் வேகமாகத் திறக்கிறது என்பதால் எல்லோரும் திறந்துகொண்டே இருந்தார்கள்.

வடிவு நிறுவனத்தின் தலைவர் ஆனையப்பனிடம் போய் நின்றாள். உப்பங்குடிக்கு மட்டும் பக்கத்தை நிறுத்த வேண்டும், ஒரு படம் முழுசாக வந்து சேரும் வரை.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. நாடே பாராட்டுகிற பக்கம், அதை நிறுத்துவதா, அதுவும் ஒரு பொட்டுக்காகவா என்றார். பொட்டுக்காக இல்லை, ஒரு பிள்ளைக்காக என்றாள் வடிவு. சொல்லாமல் விட்டதை ஓவியன் யாரை நினைத்துப் போடுகிறான் என்று துணை ஆட்சியர் கேட்டாரே, அவன் யாரையுமே நினைப்பதில்லை. பார்த்த பிள்ளைகளையெல்லாம் கலந்து ஒரு பிள்ளையைப் போடுகிறான். அதனால்தான் அந்த முகம் மாரிக்கனி பிள்ளை மாதிரியும் இருக்கிறது, புனேக்காரரின் அண்ணன் பிள்ளை மாதிரியும் இருக்கிறது. எல்லாருக்கும் தெரிந்த மாதிரி இருக்கிற முகம் யாருடைய முகமும் இல்லை.

"ஒருவேளை பொட்டு இல்லன்னா?" என்றார் ஆனையப்பன்.

"நான் வேலையை விட்டுட்டுப் போயிருதேன்."

"நீ போனா இதை யாரு சரி பண்ண?" என்று சிடுசிடுத்துக்கொண்டே நிறுத்தச் சொன்னார்.

உப்பங்குடியில் பக்கம் நின்றது. மருந்துக் கோரிக்கைக்கு மட்டும் வழி விட்டு, மிச்ச இழையில் டெல்பினின் படம் புறப்பட்டது. சுருக்காத படம் எப்படி வரும் என்பதையே அந்த அலுவலகம் மறந்துபோயிருந்தது. அது மேலிருந்து கீழாக, ஒரு விரல்கடை அகலத்துக்கு, நிதானமாக இறங்கியது. முதலில் கூடாரத் துணி. பிறகு சிக்குப் பிடித்த முடி. எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வடிவின் திரைக்குப் பின்னால் வந்து கூடினார்கள். காத்திருக்கத் தெரியாதவள் உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

நெற்றி வந்தது. அதில் ஒரு சிராய்ப்பு. சுருக்குப்பையின் படத்தில் அதுவும் இல்லை. புருவம் வந்தது. அழுது அழுது வீங்கிய கண்கள் வந்தன. சுருக்குப்பை காட்டியதோ அப்போதுதான் தூங்கி எழுந்த கண்கள். இந்தப் பிள்ளை பயந்திருந்தது என்பதே அப்போதுதான் அவர்களுக்குத் தெரிந்தது. வடிவுக்குக் கண் கலங்கிவிட்டது, துடைத்துக்கொண்டாள். அந்த இடத்தில் படம் நின்றது. காற்றில் பலூன் ஆடியிருக்க வேண்டும்.  ஆனையப்பன் முருகா முருகா என்று முனகிக்கொண்டிருந்தார்.

மறுபடி இறங்கியது. மூக்கு. வலது கன்னம், வெறுமனே. இடது கன்னத்தில் ஒரு கறுப்புக் கோடு எட்டிப் பார்த்தது. காதுப் பக்கத்திலிருந்து தொடங்கி, கீழே வரவர அகன்று, கடைசியில் ஒரு முழுப் பொட்டாக வந்து உட்கார்ந்தது. வால் விட்ட பொட்டு.

அலுவலகம் கைதட்டிய சத்தத்தில் கீழ்க் கடைக்காரர் மாடிக்கு ஓடி வந்தார். கோமதிநாயகத்துக்கு அழைப்புப் பதிவும் படமும் அடுத்தடுத்துப் போயின. கேட்டுவிட்டு, பார்த்துவிட்டு, அவர் ஒரே வார்த்தைதான் சொன்னார்: "நிறுத்தியாச்சு."

பிள்ளைக்குக் கண் படக்கூடாது என்றுதான் பொட்டு வைப்பது. அதைத் துடைத்துவிட்டதில் பெற்றவளின் கண்ணே படாமல் போகப் பார்த்தது. இதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோன வடிவு அன்று மத்தியானம் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. ஒரு பிள்ளை தப்பியது, மற்றப் படங்கள்? சேர்ந்துவிட்டார்கள் என்று அல்வா சாப்பிட்டோமே, அவர்களையும் திரும்பப் பார்க்க வேண்டாமா? பார்க்கத்தான் வேண்டும் என்று ஆனையப்பனும் ஒப்புக்கொண்டார். ஆனால் எல்லாப் படத்தையும் முழுசாக அனுப்பினால் பக்கம் பழையபடி நொண்டும். நொண்டுகிற பக்கத்தை யார் திறப்பார்கள்?

வடிவு திடீரென்று அவரைப் பார்த்துக் கேட்டாள். "உங்க பள்ளிக்கூட சர்டிபிகேட்ல அங்க அடையாளம் என்ன எழுதியிருக்கும் சார்?"

பெண்டாட்டியின் போன் நம்பர் தெரியாத ஆனையப்பன் இதற்கு மட்டும் தயங்காமல் பதில் சொன்னார். "இடது முழங்கையில ஒரு தழும்பு. வலது தோள்ல ஒரு மச்சம்."

"மூஞ்சி வட்டமா நீளமான்னு யாராவது எழுதுனாவளா? ரெண்டே ரெண்டு அடையாளம். ஒரு ஆளை இன்னொரு ஆளோட குழப்பாம இருக்க வாத்தியாருக்கு அது போதும்னு இருந்துருக்கு. நாம தலைகீழாப் பண்ணிட்டோம் சார். எல்லார்கிட்டயும் இருக்கதைச் சொல்லி அனுப்புனோம். அந்த ஒருத்தன்கிட்ட மட்டும் இருக்கதை அழுக்குன்னு தள்ளிட்டோம். எதை ஓவியனால தானா நெனச்சுப் போட முடியாதோ, அதை மட்டும் அப்படியே வெட்டி முதல்ல அனுப்புவோம். மீதியை அவன் பென்சில் கோடா வரைஞ்சுக்கிடட்டும். அது ஊகம்னு பாக்குறவங்களுக்குத் தெரியட்டும். இழை ஓய்வா இருக்கும்போது முழுப்படம் வந்து அதை மூடிக்கிடும்."

அதைச் செய்து முடிக்க அவர்கள் மூன்று நாள் வீட்டுக்குப் போகவில்லை. ஒரு பொட்டின் கனம் என்ன இருந்துவிடப் போகிறது? பக்கம் முன்னைப் போலவே கண்ணிமைப்பில் திறந்தது. ஆனால் இப்போது திறந்தவுடன் முதலில் தெரிந்தது முகம் அல்ல. வெள்ளைத் திரையில் ஆங்காங்கே ஒரு தழும்பு, ஒரு மச்சம், பாதி உடைந்த பல், ஒட்டிப்போன காது மடல். பிறகுதான் அவற்றைச் சுற்றிப் பென்சில் கோடாக முகங்கள் கூடின. ஊரில் சிலர் இது என்ன அலங்கோலம் என்றார்கள். முகாம்களில் யாரும் அப்படிச் சொல்லவில்லை. ஒரு காது மடலை வைத்து அண்ணனைக் கண்டுபிடித்தார்கள். நகம் விழுந்த கட்டைவிரலை வைத்து ஒரு தாத்தாவைக் கண்டுபிடித்தார்கள். முன்பு மாறிப்போயிருந்த இரண்டு பிள்ளைகள் அவரவர் வீட்டுக்குத் திரும்பினார்கள். பார்த்தும் பாராமல் தாண்டிப் போன முகங்களிடம் எத்தனையோ பேர் திரும்பி வந்தார்கள்.

மாரிக்கனியின் போனில் புதிய பக்கம் முதல் தடவை திறந்தபோது, முகம் எதுவும் வருவதற்கு முன்னால் வால் விட்ட அந்தப் பொட்டு மட்டும் வந்து நின்றதாம். மற்றதற்கு அவள் காத்திருக்கவில்லை. அவள் போட்ட சத்தத்தில் முறிந்த காலோடு புருஷன் எழுந்து உட்கார்ந்துவிட்டான். ரத்தப் பரிசோதனை முடிவு பிறகு வந்து, அவளுக்கு முன்பே தெரிந்ததைச் சொல்லிவிட்டுப் போனது.

வேலாயுதபெருமாளின் கதை அப்படி முடியவில்லை. உப்பங்குடியில் இறங்கியவரிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் சண்டை போடவில்லை. உங்கள் அண்ணன் பிள்ளைக்கு ஏதாவது அடையாளம் உண்டா என்று டெல்பின் கேட்டாள். அவர் தன் போனில் இருந்த படங்களையெல்லாம் தள்ளித் தள்ளிப் பார்த்தார். அத்தனையும் போனே மெருகேற்றி அனுப்பிய படங்கள், பளிங்கு மாதிரி மாசில்லாத கன்னங்கள். அந்தப் பிள்ளையின் மச்சத்தை அறிந்த இருவரும் தண்ணீரோடு போய்விட்டார்கள். அவர் புனேக்குத் திரும்பவில்லை. முகாமிலேயே தங்கி, வந்து சேரும் ஒவ்வொரு பிள்ளையையும் மடியில் போட்டு, தலை முதல் கால் வரை பார்த்து, அடையாளங்களை டெல்பினுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். தை பிறந்த பிறகும் அங்கேதான் இருந்தார்.

சாலை சரியானதும் மாரிக்கனி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திருநெல்வேலிக்கு வந்தாள். சுடலைமுத்துவின் கன்னத்தில் வழக்கத்தைவிடப் பெரிய பொட்டு. வடிவை நேரில் பார்த்ததும் கொஞ்சம் தயங்கினாள்.

"உங்க பக்கத்துக் கடைசியில, இதைச் செஞ்சவங்கன்னு போட்டுருக்க படம் உங்களோடதாக்கா? ஆளு அடையாளமே தெரியலையே. அதுல இந்த மச்சம் இல்ல." கிட்டே வந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள். "உங்களுக்குப் பொறக்கும்போதே பொட்டு வச்சு அனுப்பிட்டாவ போல."

வடிவும் சிரித்துவிட்டாள். மச்சத்தைப் பற்றி ஒருவர் பேசி அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. சுடலைமுத்து எட்டி அவள் மூக்கோரத்து மிளகைப் பிடுங்கப் பார்த்தான்.

அவர்கள் போன பிறகு, பக்கத்தின் அடியில் இருந்த, மச்சத்தை அழித்த தன் படத்தை எடுத்துவிட்டு, அன்று முதல்முதலாகக் கொடுத்த, கை வைக்காத அந்தப் படத்தைத் தேடியெடுத்துப் போட்டாள். எதிர் மேசை போனில் பக்கத்தைத் திறந்தாள். வெள்ளைத் திரையில் மிளகளவு ஒரு கரும்புள்ளி தனியாக வந்து நின்றது. அதைச் சுற்றி மெல்ல மெல்ல ஒரு மூக்கு, ஒரு கன்னம், ஒரு முகம் கூடியது. "சரியா?" என்று கேட்டது சுருக்குப்பை.

இந்த முறை வடிவு ஆற அமர, நன்றாகப் பார்த்தாள். பிறகு "சரி" என்று தட்டினாள்.